கொதித்த எஞ்சின்

வாடகைக் கார் ஓட்டுபவர் வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

“இன்னைக்கும் நிறைய சவாரியா?” மனைவி தண்ணீரை நீட்டினாள்.

“மூச்சு விட நேரமில்ல. எஞ்சினே கொதிச்சுப் போச்சு!”

“சாப்பிட்டீங்களா?”

“ஓடுற ஓட்டத்துல எங்க சாப்பிடறது?”

அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, தன் போனை அவர் முன் வைத்தாள். அது அவர் அவளுக்குத் தந்த பழைய போன். காரின் வேகத்தையும் வெப்பத்தையும் நாள் முழுக்கப் பதிவுசெய்து, எங்கிருந்தாலும் காட்டும் செயலியை அதிலிருந்து அழிக்க அவர் மறந்திருந்தார்.

காலையில் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனதிலிருந்து மாலைவரை வேகம் பூஜ்யம். வெளிவெப்பம் மட்டும் உச்சத்தில் இருந்தது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒரு மாசமா பார்த்துட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் அவள். “நாளைக்காவது நிழல் பார்த்து நிறுத்துங்க.”