ஓடையில் இறங்கிய புலி

ஆனைமலைக் காட்டுக்குள் சாயங்கால வெயில் மூங்கில்களுக்கிடையே சாய்ந்து விழுகிறது. சுற்றுலா வேன் ஓடைக்கரையில் நிற்கிறது. "ஏனுங்க, புலிங்க!" வெங்கடம்மாள் கணவர் சீனிவாசலுவின் தோளை உலுக்குகிறாள். பீளமேட்டிலிருந்து வருஷா வருஷம் வந்தும் ஒருமுறைகூடப் புலியைக் கண்டிராத அவர் அவசரமாய்க் கேமராவை உயர்த்துகிறார். எதிர்க்கரைப் புதரை விலக்கி வருகிற புலியின் முதுகில் வெயில் பட்டு மஞ்சள் பளபளக்கிறது. அது தண்ணீருக்கு இறங்கும்போதுதான் முன்னங்கால் ஒன்று ஊன்றாமல் தொங்குவது தெரிகிறது. கம்பி ஒன்று சதையை அறுத்து எலும்புவரை புதைந்திருக்கிறது. அதன் அறுந்த நுனி கூழாங்கல்லில் உரசிக் கிறீச்சிடுகிறது. "பன்னிக்கு யாரோ வெச்ச கண்ணிங்க. அத்துக்கிட்டு வந்திருக்குது," என்கிறார் டிரைவர் ரசாக். "கழட்டிவிட முடியாதுங்களா?" வெங்கடம்மாள் அவரிடம் கேட்கிறாள். "கிட்ட யாருங்க போறது? ரேஞ்சருக்குத்தான் சொல்லோணும்." கேமரா சீனிவாசலுவின் மடியில் நழுவி விழுகிறது. புலி தண்ணீரை விட்டுவிட்டுக் காலை நக்குகிறது. பிறகு தலையைத் தூக்கி இவர்களைப் பார்க்கிறது. உறுமவில்லை. நொண்டியபடியே புதருக்குள் ஏறி மறைகிறது. "வண்டியெ எடுங்க! போய்ச் சொல்லுங்க!" வெங்கடம்மாள் கத்துகிறாள். ரசாக் சாவியைப் பிடித்திருக்கிறார்; திருப்பாமல், புலி மறைந்த புதரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.