சிவப்பு அட்டை

காலை பதினொன்று பத்துக்கு எஸ்தர் உயர் மின்னழுத்த ஆய்வகத்தின் பெரிய சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். நான்கு நாளாக அதில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. ‘மின்சாரம் கொடுக்காதே. ஆள் வேலை செய்கிறார்.’ கீழே தவசீலனின் கையெழுத்து. அவளோடு எம்.இ. படிப்பவன். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும் என்பது அங்கே விதி.

சோதனை நடக்கும் கம்பிக் கூண்டுக்குள் அவனுடைய ரப்பர் கையுறைகள் மட்டும் கிடந்தன. அட்டை மாட்டிய அன்று பேராசிரியர் அவனுடைய அளவீட்டுத் தாள்களை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். அதன் பிறகு அவனைக் காணவில்லை. போனும் அணைந்தே இருந்தது.

திங்கட்கிழமை எஸ்தர் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சோதனை பாக்கி.

“அவன் ஊருக்கு ஓடிட்டான்மா. கழட்டு” என்றார் பேராசிரியர்.

“போட்ட கைதான் எடுக்கணும் சார்” என்றார் ஆய்வக உதவியாளர் பலவேசம். “நான் தொடமாட்டேன்.”

எஸ்தர் விடுதிப் பதிவேட்டில் இருந்த அவன் வீட்டு எண்ணை அழைத்தாள். அவன் அம்மா எடுத்தார்.

“தவசீலன்கிட்ட குடுங்கம்மா. அட்டையை எடுத்துடலாமான்னு மட்டும் கேக்கணும்.”

“எங்கிட்ட கேக்கியே தாயி. அவன் அங்கதானே வேலை பாத்துக்கிட்டு இருக்கான்?”