மூன்றாவது வரிசை

"இன்னும் ஜூம் பண்ணும்மா. மூணாவது வரிசை, நீலக் கம்மல்."

வீடியோ எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜூம் செய்தாள். திரையில் ஓடுவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் இவருடைய பணி ஓய்வு விழா. மேடையில் பேசுவதும் இவர்தான். பார்க்கத் துடிப்பதோ கூட்டத்தில் ஒரு பெண்மணியை!

"இன்னும் கொஞ்சம். வாய்கிட்ட போ."

"சார், இந்த வயசுல இது தேவையா? வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியணும்மா! அது என் வீட்டம்மாதான். என் ஜோக்குக்கு முப்பது வருஷமா சிரிச்சதே இல்லைன்னு சாதிக்கிறா. அன்னிக்குச் சிரிச்சா. மேடையிலேர்ந்து நானே பார்த்தேன்."

எடிட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. வேகமாக ஜூம் செய்தாள். படம் புள்ளிபுள்ளியாக உடைந்தாலும் பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அவளுடைய கைப்பேசி அடித்தது.

"ஏம்மா, அந்தப் பணி ஓய்வு விழா வீடியோ உன்கிட்டதானே இருக்கு?" என்றது ஒரு பெண் குரல். "மூணாவது வரிசையில நீலக் கம்மல் போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். நான் தெரியாத மாதிரி க்ராப் பண்ணிடு, புண்ணியமாப் போகும். நான் சிரிச்சதை மட்டும் அந்த மனுஷன் பார்த்துட்டார்னா, இன்னும் முப்பது வருஷத்துக்கு அதே ஜோக்கைச் சொல்லுவார்!"