டிரான்ஸ்பார்மரின் முதல் முனகல்

கடல் தாண்டி வந்த தையல் மெஷின்மேல் மதிய வெயில் விழுகிறது. இங்குள்ள மின்சாரம் பழைய நாட்டைவிட இரட்டிப்பு அழுத்தம். பிளக் பொருந்திவிட்டதே என்று நேற்று நேரே செருகிய இஸ்திரிப்பெட்டியின் கருகல் வாசனை திரைச்சீலையில் இன்னும் போகவில்லை. அழுத்தத்தைப் பாதியாக்கும் டிரான்ஸ்பார்மரை மூச்சு வாங்க இறக்கி வைக்கிறான் கணவன். "மெஷின் இழுக்கிற கரண்டைப்போல ரெண்டு மடங்கு இது தாங்குமாம். போடட்டுமா?" "இருங்க, மொதல்ல செருப்பைப் போட்டுக்கோங்க" என்கிறாள் மனைவி. சுவிட்சைத் தட்டுகிறான். டிரான்ஸ்பார்மர் மெல்ல முனகுகிறது. அவள் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள், இளஞ்சூடுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மெஷினின் பெடலை மிதிக்கிறாள். பழைய வீட்டின் அதே சத்தம் அறையெல்லாம் நிறைகிறது. வந்ததிலிருந்து பகலில் கண் மூடாத கைக்குழந்தை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போகிறது. "நிறுத்திடாத" என்கிறான், உதட்டசைவில் மட்டும். நூல்கூடக் கோக்காத ஊசி ஓடிக்கொண்டே இருக்கிறது.