கோயில் படியில் கேத்ரின்

என் மனைவி கேத்ரின் இறந்த பிறகு, மாமி ஒரு வீடியோ கசெட்டையும் அதை ஓட்டும் பழைய டெக்கையும் தந்தார். கேத்ரின் எட்டு வயதில் மாதா கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த நாள் அதில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க ஒரு கருவி வாங்கலாம் என்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு நுவரெலியாவில் மிலானின் கடைக்குப் போனேன். மிலானிடம் விலை கூடியது ஒன்றும் மலிவானது ஒன்றுமாக இரண்டு கருவிகள் இருந்தன; இரண்டிலும் கசெட்டை ஓட்டிக் காட்டினார்.

விலை கூடியதில் படம் தெளிவாக இருந்தது. பிள்ளைகள் கைகோத்து ஜோடி ஜோடியாகக் கோயில் படியேறினார்கள். கடைசியாகக் கேத்ரின் மட்டும் மெழுகுவர்த்தியோடு தனியாக உள்ளே போனாள். ஒரு பிள்ளை குறைந்ததால் அவளுக்கு ஜோடி இல்லை.

“நீங்க லேட்டு. அதான் நான் தனியா போனேன்” என்று பிற்காலத்தில் என்னைக் கேலி செய்வாள். அந்த நாளில் நான் நோட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்தேன். அவளை அறியேன்.

மலிவானதில் படம் கோடு கோடாக வந்தது. மற்றப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். கேத்ரின் போகவில்லை. படியில் நின்று, பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு கோயில் கேட்டைப் பார்த்தாள்.

“இதுல படம் சிக்கிருச்சு சேர். மத்தத எடுங்க.”

படம் சிக்கவில்லை. மெழுகுவர்த்தியின் சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

“இதையே தாங்க.”

“நல்லத விட்டுட்டு இதப் போயி எடுக்குறீங்களே!”

வீட்டில் அதை இணைத்தேன். கசெட் ஓடி முடிந்து டெக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதன் பிறகும் திரையில் படம் ஓடியது. மெழுகுவர்த்தி பாதிக்கு உருகியிருந்தது. கேத்ரின் அதை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கையைக் காலி இடத்தின் பக்கம் நீட்டியபடி, கேட்டையே பார்த்து நின்றாள்.