எட்டு மடிப்பு

"இஸ்திரிப் பெட்டியைக் காணோமே, எங்கடி போச்சு?"

"உங்க பொண்ணு யாரோ தோழிக்குக் குடுத்திருக்கா. கசங்கின சட்டையிலேயே போங்க. வேண்டாம்னு சொல்லத்தானே போறீங்க?" என்றாள் மனைவி.

அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவனைக் காதலிப்பதாக மகள் சொன்ன நாளிலிருந்து அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் வீட்டுக்கே போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி மறுத்துவிட்டு வருவதாகச் சபதம்.

தெருவில் அவர் பெயரே 'போஸ்டர்'தான். சினிமா கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்குத் தாவிய எழுபதுகளின் போஸ்டர்கள்தான் அவர் உயிர். பீரோ முழுக்க அவை சொகுசாகப் படுத்திருக்க, வீட்டுத் துணிமணி மூட்டையாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரே ஒரு போஸ்டர்தான் குறை. அதன் உள்ளங்கையளவு படத்தைப் பழைய பத்திரிகை ஒன்றில் பத்திரப்படுத்தியிருந்தார்.

"ஹீரோ கறுப்பு வெள்ளை, ஹீரோயின் மட்டும் கலர். இது கிடைச்சிட்டா நிம்மதியா கண்ணை மூடிடுவேன்" என்பார்.

"மூடுங்களேன், நான் பீரோவைத் திறந்துக்கிறேன்" என்பாள் மனைவி.

போலி என்றால் பத்தடி தூரத்திலேயே மூக்கு வியர்த்துவிடுமாம். "அந்தக் காலத்துல எட்டா மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்புவாங்க. மடிப்புதான் பிறப்புச் சான்றிதழ்!" இந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டேதான் மகள் சோறு தின்று வளர்ந்தாள்.

பையன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் கறுப்பு வெள்ளை ஹீரோ. பக்கத்தில் கலர் ஹீரோயின்!

எழுந்து ஓடினார். தடவினார். முகர்ந்தார். ஓரமெல்லாம் பழுப்பு. மடிப்பு எட்டு!

"தம்பி... இது எப்படி?"

"எங்க தாத்தா தியேட்டர்ல டிக்கெட் கிழிச்சவர், மாமா. பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க."

"சேச்சே, வெளியாளுக்கு எப்படிப்பா?"

"சொந்தமாயிட்டா?" என்றாள் பையனின் அம்மா.

"தேதி குறிச்சிடுங்க சம்பந்தி!"

போஸ்டரோடு திரும்பியவர், வீட்டுக்குள்கூட நுழையாமல் அடுத்த வீட்டில் காட்ட ஓடினார். மனைவி போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, நான் கிழிச்சுக் குடுத்த பத்திரிகைப் பக்கத்தைப் பத்திரமா அனுப்பிடுங்க, தேடுவார். டீத்தண்ணி வாசனைகூட அவருக்குத் தெரியலை. மடிப்புத்தான் தேய்ச்சாச்சே, அந்த இஸ்திரிப் பெட்டியையும் குடுத்தனுப்புங்க. கல்யாணத்துக்காவது மனுஷன் கசங்காம வரட்டும்."