ஸ்டூலும் புது ஏணியும்

"பரண்ல ஏறணும்னா என் தலையைத்தான் மிதிக்கணுமா?" என்று ஸ்டூல் புலம்பாத நாளில்லை.

ஒருநாள் ஆட்கள் வந்து, பரணின் தகரக் கூரைக்கடியில் சூடு இறங்காதபடி தெர்மாகோல் அடித்தார்கள். தரைக்குப் பலகை போட்டு, சுவரோடு ஏணியும் பொருத்தினார்கள். "அப்பாடா!" என்றது ஸ்டூல். அன்று சாயங்காலமே அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

"என்னையே ஓரங்கட்டிட்டாங்களே!" என்று பொருமியது ஸ்டூல்.

"நேத்துவரைக்கும் இங்க நான் வெந்துக்கிட்டிருந்தேன். இப்போ குளுகுளுன்னு இருக்கு, ஜம்முனு உக்காரு" என்றது மூலையிலிருந்த பித்தளை அண்டா.

அப்போது வீட்டுக்காரர் ஏறி வர, "ஐயோ, என்ன கனம்!" என்று முனகியது ஏணி.

ஸ்டூலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னது:

"இதுக்கே அலுத்துக்கிட்டா எப்படிப்பா? இத்தனை வருஷத்துல நான் ஒருநாளாவது வாய் திறந்திருப்பேனா?"